விண்டோஸ் 10 முடிந்த பிறகு: வீட்டுக் கணனியில் லினக்ஸ் போடும் முறை



போன மாதம் ஒரு சனிக்கிழமை, பிள்ளைக் காம்பராவைப் பார்த்துவிட்டு நான் ஆபீசுக்குத் திரும்பியபோது கீழ் டிவிஷன் லயத்திலிருந்து ஒரு தாயும் மகனும் வாசலில் காத்திருந்தார்கள். மகன் கையில் உரச் சாக்கில் சுற்றிய ஒரு கணனி.

"வெல்பெயார் ஐயா, டவுன்ல காட்டினோம். இது இனிமே ஆகாது, புதுசு வாங்குங்கன்னு சொல்லிட்டாங்க. பழைய இரும்புக்குப் போடுறதா என்னன்னு தெரியலை" என்றார் அந்தத் தாய். கொழும்பில் வேலை செய்யும் மூத்த மகள் சீட்டுக் கட்டி வாங்கிக் கொடுத்த கணனி அது. தம்பி உயர்தரம் படிக்கிறான்.

மேசையில் வைத்துப் போட்டுப் பார்த்தோம். எதுவும் பழுதில்லை. திரை நல்லது, விசைப்பலகை நல்லது. விண்டோஸ் 10க்குக் காலம் முடிந்தது என்ற அறிவித்தல் மட்டும் வந்து நின்றது. அதற்காகத்தான் ஒரு நல்ல இயந்திரம் பழைய இரும்புக்குப் போகப் பார்த்தது. இதே கேள்வியோடு அதன் பிறகு இன்னும் சிலர் வந்தபடியால், எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். கணனி என்பது வெறும் இயந்திரம். அதை நடத்துவதற்கு உள்ளே ஒரு மென்பொருள் வேண்டும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைப் பணிசெயல் முறைமை என்று எழுதியிருக்கும். இயங்குதளம் என்றும் சொல்வார்கள். கணக்கப்பிள்ளை இல்லாத பெரட்டை நினைத்துப் பாருங்கள். ஆட்கள் வந்திருப்பார்கள், கூடை இருக்கும், கத்தி இருக்கும். யார் எந்த மலைக்குப் போவது என்று சொல்ல ஆளிருக்காது. இயங்குதளம் இல்லாத கணனியும் அப்படித்தான். விண்டோஸ் அப்படி ஒரு கணக்கப்பிள்ளை. ஆனால் அது ஒன்றுதான் உலகத்தில் உண்டு என்று நாம் நினைத்துவிட்டோம்.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். அதற்கு வழமையாகக் கொடுத்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் கம்பனி 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளர்களுக்கு மட்டும் 2026 ஒக்டோபர் வரை ஒரு வருட நீடிப்புக் கொடுத்தார்கள். நிறுத்தியது என்றால் கணனி அன்றிரவே அணைந்துவிடும் என்பதல்ல. ஓட்டை விழுந்த தகரத்தை இனி யாரும் வந்து அடைக்க மாட்டார்கள் என்று அர்த்தம். மழை வரும்வரை தெரியாது.

சரி, விண்டோஸ் 11க்குப் போகலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் கணனியானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலி வேண்டும். நம் லயங்களில் உள்ள கணனிகள் அநேகமாக இரண்டாம் கை. நான்காம், ஐந்தாம் தலைமுறைதான். ஆகவே அந்தக் கதவு நமக்குச் சாத்தியாகிவிட்டது.

டவுனில் சில இடங்களில் பூட்டு உடைத்த விண்டோஸைப் போட்டுத் தருவார்கள். ஒரு நாள் சம்பளம் போகும். ஆறு மாதத்தில் வைரஸ் பிடித்து மறுபடி கொண்டுபோனால் இன்னொரு நாள் சம்பளம். அந்தக் கணனியிலிருந்துதான் நாம் வங்கிக் கணக்கையும் பார்க்கிறோம், பிள்ளையின் பரீட்சை விண்ணப்பத்தையும் அனுப்புகிறோம். இது எனக்குப் பிடிக்காத வேலை.

லினக்ஸ் யாருடையது?

1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் இயங்குதளத்தின் நடுப்பகுதியை எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று வெளியே விட்டார். அதற்கு முன்பே, 1983இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் க்னூ என்ற பெயரில் இதே நோக்கத்தோடு ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார். இரண்டும் சேர்ந்துதான் இன்று நாம் பொதுவாக லினக்ஸ் என்று சொல்வது. உங்கள் கையிலிருக்கும் அன்ட்ரொய்ட் போனின் அடியில் ஓடுவதும் லினக்ஸின் அந்த நடுப்பகுதிதான். ஆகவே "எனக்குப் பழக்கமில்லாத சாமான்" என்று சொல்லத் தேவையில்லை.

சும்மா கொடுக்கிறார்களே, என்னமோ ஏதோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நம் நாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்தவுடன் இலங்கையின் கணனித் துறைத் தொண்டர்கள் கூடி, காணாமல்போனவர்கள், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றைப் பதிவதற்கு 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். அதைப் பூட்டி வைக்காமல் திறந்து வெளியிட்டபடியால், 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் 2010இல் ஹெயிட்டி பூகம்பத்துக்கும் அது உதவியது. எழுதினவன் யாரோ, பயனடைந்தவன் யாரோ. லினக்ஸும் அந்த வகைதான்.

லினக்ஸில் பல சாதி உண்டு. வீட்டுக்கு நான் சொல்வது 'லினக்ஸ் மின்ட்'. 2006இல் தொடங்கியது. விண்டோஸில் பழகின கைக்கு இது இலேசு. கீழே இடது பக்கத்தில் பட்டியல் பொத்தான், வலது பக்கத்தில் நேரம், எல்லாம் பழகின இடத்திலேயே இருக்கும். இதன் 22ஆம் வரிசை 2024 ஜூலையில் வந்தது. 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும். இதில் மூன்று விதம் உண்டு: சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஈ. பழைய, பலம் குறைந்த கணனிக்கு மூன்றாவதை எடுங்கள். பார்ப்பதற்குக் கொஞ்சம் சாதாரணம், ஆனால் வேகம்.

குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்கில் 20 ஜிபி இடம் வேண்டும் என்று மின்ட் சொல்கிறது. என்னைக் கேட்டால் 4 ஜிபி ரேம் இல்லாமல் இறங்க வேண்டாம். இணையத்தில் நாலு பக்கம் திறந்தவுடன் மூச்சு வாங்கும். செயலி 64 பிட்டாக இருக்க வேண்டும். விண்டோஸில் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபவுட்' என்று போனால் இரண்டும் தெரியும்.

போடுவதற்கு முன்

இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

2018இல் என் வீட்டுக் கணனிக்கு முதல் தடவையாக லினக்ஸ் போட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு ஆசையில் இராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தேன். நடுவில் 'ஹார்ட் டிஸ்கை அழித்துவிட்டு நிறுவு' என்ற பொருளில் ஒரு கேள்வி வந்தது. விண்டோஸைத்தான் அழிக்கப் போகிறது என்று நினைத்துச் சரி கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் புதுக் கணனி மாதிரி வந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

விடிந்ததும் வீட்டுக்காரி கேட்டாள்: "அம்மா போட்டோ எங்க இருக்கு?"

என் அம்மா 31 வருடம் கொழுந்து எடுத்தவர். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் காலமானார். கூடையோடு மலையில் நிற்கும் படம் ஒன்றே ஒன்றுதான் அவருக்கு இருந்தது. தம்பி தன் போனில் எடுத்தது. கணனியில் ஏற்றிவிட்டோமே என்ற தைரியத்தில் தம்பி அந்தப் போனை விற்றுவிட்டான்.

அழிந்த படங்களைத் தேடும் 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருளைக் கொண்டு இரண்டு நாள் தேடினேன். படம் கிடைத்தது. மேல் பாதியில் மலையும் மேகமும் தெளிவாக இருந்தன. அம்மா நின்ற கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம்.

ஆகவே பிள்ளைகளே, லினக்ஸ் போடுவது அரை மணித்தியால வேலை. அதற்கு முன்னால் உள்ளதை எடுத்து வைப்பது ஒரு நாள் வேலை. இந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

'டொகியுமன்ட்ஸ்', 'பிக்சர்ஸ்', 'டவுன்லோட்ஸ்', முகப்புத் திரை, 'டி' டிரைவ் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். அப்பா எங்கேயாவது ஊழியர் சேமலாப நிதிக் கடிதத்தை ஸ்கேன் பண்ணி வைத்திருப்பார், அக்கா வேலை விண்ணப்பத்தை வைத்திருப்பாள், உங்களுக்குத் தெரியாது. பிறப்புச் சான்றிதழ், தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம், கல்யாணப் பதிவு, பிள்ளையின் பெறுபேறு ஆகியவற்றின் பிரதிகள் முதலில். இணையத்தில் எந்தக் கணக்குக்கு எந்த இரகசியச் சொல் என்பதை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய உலாவி போகும்போது அதுவும் போய்விடும்.

எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றியபின், அந்தப் பென் டிரைவை வேறொரு கணனியில் போட்டு நாலைந்து கோப்பைத் திறந்து பாருங்கள். ஏற்றினோம் என்று நினைப்பது வேறு, திறந்து பார்ப்பது வேறு. முடிந்தால் இன்னொரு பிரதி எடுத்து வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் மலைநாட்டில் எத்தனை வீடு பெட்டி படுக்கையோடு போனது என்று நாம் கண்டோம். பத்திரம் ஒரே காம்பராவில் இருக்கக் கூடாது.

இதற்கு இரண்டு பென் டிரைவ் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஒன்று பிரதிக்கு. மற்றது லினக்ஸை ஏற்றுவதற்கு, 8 ஜிபி போதும். லினக்ஸ் ஏற்றும் பென் டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துபோகும். ஒரே பென் டிரைவில் பிரதியையும் எடுத்துவிட்டு அதிலேயே லினக்ஸையும் ஏற்றி, இரண்டு பக்கமும் கையை விரித்த பையன் ஒருவனை எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை.

தரவிறக்கமும் பென் டிரைவும்

மின்ட் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. இரவு நேர டேட்டா உள்ளவர்கள் இரவில் இறக்கினால் காசு மிச்சம். லினக்ஸ் மின்டின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். அதிலும் ஒரு கவனம் தேவை. 2016 பெப்ரவரி 20ஆம் திகதி அந்தத் தளத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்து, கள்ளக் கதவு வைத்த கோப்புக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். மின்ட்காரர்கள் அதை மறைக்காமல் உடனே அறிவித்தார்கள் என்பது அவர்கள் மீது எனக்கு மரியாதை வரக் காரணம். கோப்புச் சரியானதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் 'ஷா 256' என்று நீண்ட எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு அடையாளத்தை வெளியிட்டிருப்பார்கள். பென் டிரைவில் ஏற்ற உதவும் 'ரூஃபஸ்' என்ற சின்ன இலவச மென்பொருளில் கோப்பைத் தெரிவு செய்தபின், சரி அடையாளம் போட்ட ஒரு குட்டிப் பொத்தானை அழுத்தினால் நம் கோப்பின் அடையாளத்தைக் காட்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பாதியில் அறுந்த கோப்பானாலும் இதில் பிடிபடும். நம் மலைச் சிக்னலுக்கு இது மிகவும் தேவை.

பிறகு அதே ரூஃபஸில் பென் டிரைவைத் தெரிவு செய்து ஏற்ற வேண்டியதுதான். கோப்பைச் சாதாரணமாகப் பிரதி பண்ணி ஒட்டினால் வேலை செய்யாது.

தொட்டுப் பார்த்து வாங்குவது போல

லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். கணனியை நிறுத்துங்கள், நிறுத்தும்போது 'ஷிஃப்ட்' விசையை அழுத்திக்கொண்டு நிறுத்தினால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில் இல்லாமல் முழுதாக நிற்கும். பென் டிரைவைச் சொருகி, கணனியைப் போட்டவுடன் டெல், லெனோவோ ஆனால் எஃப் 12, எச்பி ஆனால் எஃப் 9 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று ஒரு பட்டியல் வரும். பென் டிரைவைத் தெரிவு செய்யுங்கள். கொஞ்ச நேரத்தில் மின்ட் முகப்பு வரும். இப்போது ஹார்ட் டிஸ்கில் எதுவும் மாறவில்லை. பென் டிரைவிலிருந்தே ஓடுகிறது. அதனால் மெதுவாக இருக்கும், அதை வைத்து எடை போடாதீர்கள்.

இந்த நிலையில் எல்லாவற்றையும் சோதியுங்கள். சத்தம் வருகிறதா, வைஃபை தெரிகிறதா, கெமரா, பிரிண்டர் வேலை செய்கிறதா. சில பழைய மடிக்கணனிகளில் வைஃபை தெரியாது. பயப்பட வேண்டாம். உங்கள் அன்ட்ரொய்ட் போனை யுஎஸ்பி வயரில் இணைத்து, போனில் 'யுஎஸ்பி டெதரிங்' போட்டால் போனின் டேட்டா கணனிக்கு வரும். பிறகு 'டிரைவர் மனேஜர்' அந்த வைஃபைக்கு வேண்டியதைத் தேடித் தரும். பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் பென் டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடி விண்டோஸுக்குப் போகலாம். ஒரு நட்டமும் இல்லை.

இதில் ஓடாத சாமான்களையும் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசொஃப்ட் ஆபீசும் ஃபோட்டோஷொப்பும் இதில் நேராக நிறுவ முடியாது. சில கேம்களும் ஓடாது; பையன்கள் முகம் சுருங்கும். எழுதுவதற்கும் கணக்கு அட்டவணைக்கும் 'லிப்ரே ஆபீஸ்' கூடவே வருகிறது. வேர்ட் கோப்பைத் திறக்கும், வேர்ட் கோப்பாகவே சேமிக்கும். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுக்கும் பிள்ளைகளுக்குப் பாடத்திலுள்ள பைத்தான் மொழி மின்டில் ஏற்கெனவே இருக்கிறது. தனியாக எதுவும் போடத் தேவையில்லை.

நிறுவும் நேரம்

காலையில் செய்யுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் நம் பக்கம் பின்னேரமானால் இடி மின்னல், அதோடு கரண்டும் போகும். பாதி நிறுவியபோது கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மடிக்கணனியானால் பற்றரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் சொருகியிருக்க வேண்டும்.

முகப்பில் உள்ள 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்ற படத்தை இரண்டு தடவை தட்டுங்கள். மொழி, விசைப்பலகை கேட்கும். தமிழும் பட்டியலில் உண்டு. ஆனால் மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லாதபடியால் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று வரும். ஆங்கிலத்தில் நிறுவிவிட்டுத் தமிழ் எழுதும் வசதியைப் பிறகு சேர்ப்பதுதான் என் ஆலோசனை. பாட்டு, வீடியோ ஓடுவதற்கான 'மல்டிமீடியா கோடெக்ஸ்' என்ற பெட்டியில் சரி போடுங்கள்.

அடுத்து வருவதுதான் நான் விழுந்த குழி. மூன்று வழி காட்டும். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவுவது ஒன்று. டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவுவது இரண்டாவது. 'சம்திங் எல்ஸ்', அதாவது நாமே பிரித்துக்கொள்வது மூன்றாவது.

'அழித்து' என்றால் விண்டோஸை மட்டுமல்ல, 'டி' டிரைவையும் சேர்த்து அந்த டிஸ்கில் உள்ள எல்லாவற்றையும். என் அம்மா படம் 'டி' டிரைவில்தான் இருந்தது. 'சி'யும் 'டி'யும் வேறு வேறு பெட்டி என்று நாம் நினைக்கிறோம். அவை ஒரே காம்பராவுக்கு நடுவில் போட்ட பலகை மறைப்பு, அவ்வளவுதான்.

இடம் இருப்பவர்கள் முதல் வழியை எடுங்கள். டிஸ்கை இரண்டாகக் காட்டி நடுவில் ஒரு கோடு வரும். அதை இழுத்து யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கலாம். லினக்ஸுக்கு 40, 50 ஜிபி கொடுத்தால் தாராளம். பிறகு கணனியைப் போடும் ஒவ்வொரு தடவையும் எது வேண்டும் என்று கேட்கும். பழைய விண்டோஸை இணையத்தில் இணைக்காமல், அத்தியாவசியத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். புதிய மடிக்கணனிகளில் 'பிட்லொக்கர்' என்ற பூட்டுப் போட்டிருக்கும். விண்டோஸிலேயே அதை நிறுத்திவிட்டு வந்தால்தான் இந்த வழி சரிவரும். இன்னொன்று: இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டும். கணனி கெட்டுவிடவில்லை. லினக்ஸ் உள்ளேயுள்ள கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதை இலங்கை நேரம் என்று எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது வழி பழகினவர்களுக்கு. முதல் தடவையிலேயே அதற்குள் போகாதீர்கள்.

பிறகு ஊர் கேட்கும், கொழும்பைக் காட்டுங்கள். பெயரும் இரகசியச் சொல்லும் கேட்கும். மென்பொருள் போடும்போதெல்லாம் இந்தச் சொல்லைக் கேட்கும் என்பதால், எழுதி கிளினிக் கொப்பியோடு வையுங்கள். முடிந்ததும் மறுபடி தொடங்கச் சொல்லும். பென் டிரைவைக் கழற்றச் சொன்னபோது கழற்றுங்கள்.

தமிழும் பாமினியும்

முதல் வேலையாக, வலது மூலையில் கேடயம் போலிருக்கும் 'அப்டேட் மனேஜர்' மூலம் திருத்தங்களை எடுங்கள். முதல் தடவை டேட்டா கூடப் போகும். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை போதும். 'டைம்ஷிஃப்ட்' என்றும் ஒன்று இருக்கிறது. அது கணனியின் நல்ல நிலையைப் படம் பிடித்து வைக்கும். ஏதாவது கோளாறானால் அந்த நிலைக்குத் திரும்பலாம். ஆனால் உங்கள் சொந்தக் கோப்புகளை அது வழமையாக எடுத்து வைப்பதில்லை. அதற்குப் பென் டிரைவ்தான்.

தமிழ் எழுத, 'கீபோர்ட்' அமைப்பில் 'லேஅவுட்ஸ்' என்ற இடத்தில் தமிழ், இலங்கை, தமிழ்நெட் 99 என்று இருப்பதைச் சேருங்கள். ரெங்கநாதன் முறையில் தட்டச்சுப் பழகியவர்களும், ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்துத் தமிழாக்குகிறவர்களும் 'சொஃப்ட்வெயார் மனேஜர்' போய் 'ஐபஸ் எம்17என்' என்பதை நிறுவிக்கொண்டால் இரண்டு முறையும் கிடைக்கும்.

இனி அந்தத் தாயும் மகனும். பையன் கணனிக்கு எல்லாவற்றையும் சரியாகச் செய்தோம். ஆனால் அவனுடைய தமிழ்ப் பாடக் குறிப்பைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. பையனுக்கு அழுகை வந்துவிட்டது. "சேர், எல்லாம் போயிருச்சா?" என்றான். தாய் என்னைத்தான் பார்த்தார். எனக்கும் ஒரு நிமிடம் 2018 ஞாபகம்.

எதுவும் போகவில்லை. அது 'பாமினி' எழுத்துருவில் அடித்த குறிப்பு. நம் நாட்டில் டியூட்டரிகளிலும் அச்சகங்களிலும் பல வருடங்களாகப் பாமினிதான். அதில் உள்ளே இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துதான். பாமினி அதற்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. புதிய கணனியில் பாமினி இல்லை, ஆகவே போர்வை இல்லாமல் நின்றது. பழைய விண்டோஸில் 'ஃபொன்ட்ஸ்' என்ற இடத்திலிருந்து பாமினிக் கோப்பையும் பிரதி எடுத்து வைத்திருந்தோம். அதை இரண்டு தட்டுத் தட்டி நிறுவியதும் குறிப்பு முழுவதும் தமிழாக வந்தது. உங்கள் பிரதிப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனிப் புதிதாக எழுதுவதை யூனிகோட்டில் எழுதுங்கள். போன், கணனி எதிலும் வாசிக்கலாம்.

பையன் சாக்கை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, கணனியைச் சாக்கில்லாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி போனான். மழை தூறியதால் தாய் படங்கை அதன் மேல் போர்த்தினார்.

வீட்டில் தனியாகச் செய்யத் தயக்கம் உள்ளவர்கள் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெல்பெயார் ஆபீசுக்கு வாருங்கள். மின்ட் ஏற்றிய பென் டிரைவ் ஒன்று என்னிடம் இருக்கிறது, இரவல் தருவேன். அதனால் 3 ஜிபி டேட்டா உங்களுக்கு மிச்சம். கணனி, சார்ஜர், பிரதி எடுக்க வெறும் பென் டிரைவ் ஒன்று கொண்டுவர வேண்டும். பிரதியைத் திறந்து காட்டாதவர்களின் கணனியில் நான் கை வைப்பதில்லை.